ஓட்டை

பனி உருகிய வாரம்
மினசோட்டாவின் அந்த நடைபாதையில்
எங்கெல்லாம் தார் பெயர்ந்ததோ
அங்கெல்லாம் வெள்ளை வட்டமிட்டுப் போனார்
நகராட்சி டுவேன்.

இரண்டு பூங்காக்களுக்கு நடுவே,
வேலிகளின் முதுகுப்பக்கம்,
ஒரு வட்டத்துக்கு மட்டும்
நான்கு கால், துளி வால்,
கோணலாய் ஒரு தலை வைத்தாள் பஹூவா.
சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.
ஒரு கண்தான்.

மழையில் கால்கள் கரைந்தன.
மறுபடி வரைந்தாள், இந்தமுறை நகங்களோடு.

மே மாதம் கொதிதார் வண்டி வந்தது.
டுவேன் முழங்காலிட்டுப் பார்த்தார்.
கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல்
ஓட்டை மட்டும் நிரப்பினார்.

பள்ளம் இப்போது இல்லை.
இருந்தும்
விரைந்துவரும் சைக்கிள்கள்
மணியடித்துப் பார்த்துவிட்டு,
நகராத ஆமையைச்
சுற்றிக்கொண்டு போகின்றன.