ஐந்து ஆண்டுகளுக்குள்

வெர்னா லின்ட்க்விஸ்ட் ஒற்றை விரலால்தான் தட்டுவாள்.
என் மகளின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு
அழித்து, மறுபடி தட்டினாள்.
சிக்னி.
வயது பதினாறும் பதினோரு நாளும்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
சர்க்கரை ஆலையின் புகை
மேலே போக மனமில்லாமல்
கிராஃப்டன் நகரத்துக் கூரைகளின்மேல் படுத்திருந்தது.

மாதம் நூற்று எண்பத்தேழு டாலர் கூடும் என்றாள் வெர்னா,
துக்கச் செய்தி சொல்கிறவளைப் போலக்
குரலைத் தாழ்த்தி.
மதிப்பெண் நன்றாயிருந்தால் கொஞ்சம் குறையும்.
வேதியியலில் சி, என்று நான் வாயெடுக்க
மேஜைக்கடியில் என் பூட்ஸை மிதித்தாள் மகள்.
பழைய ப்யூக்கை இவள் ஓட்டுவதாய்ப் போட்டால்
இன்னும் குறையும்.
போட்டோம்.
அந்த ப்யூக் நவம்பரிலிருந்து
எங்கள் கொல்லையில் ஒரு பனிமேடு.
காகிதத்தில் என் மகள்
பனிமேட்டை ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள்.

அப்புறம் ஒரு ஆப்.
மூன்று பேர் ஃபோனிலும் இருக்க வேண்டும்.
வேகம், திருப்பம், பிரேக் எல்லாம் அதற்குத் தெரியும்.
தள்ளுபடி உண்டு.

கடைசியாக ஒரு கேள்வி, என்னைப் பார்த்து:
கடந்த ஐந்து ஆண்டுகளில் விபத்து ஏதாவது?

இல்லை.

தட்டினாள். கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது.
ஐந்து ஆண்டுதான்.
அதற்கு அப்பால் படிவத்துக்கு ஞாபகமில்லை.
நல்ல படிவம்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கு வந்தது.
ஜோலீன் எண்பத்தெட்டு.
சிக்னி தொண்ணூற்றாறு.
நான் அறுபத்தொன்று.
ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார்கள்.
"அவளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்"
என்று சிரித்தாள் ஜோலீன், முட்டையைத் திருப்பிப் போட்டபடி.
இருபத்தைந்து டன் கிழங்கேற்றிப்
பனிச்சாலையில் லாரி ஓட்டுகிறவன் நான்.
நானும் சிரித்தேன்.

மகள் சிரிக்கவில்லை.
ஃபோனில் வரைபடத்தை
இரண்டு விரலால் அகட்டிக்கொண்டிருந்தாள்.
"அப்பா, சிவப்புப் புள்ளி எல்லாம் ஒரே இடம்.
காலையில் ஆறு பத்து. சாயங்காலம் ஐந்தே முக்கால்.
பழைய ரயில்வே கிராஸிங்."
பிறகு, மெதுவாக,
"தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்களே அங்கே?"

"மான்" என்றேன்.
"தினமுமா?"
"தினமும்."

முட்டை தீய்ந்த வாசனை.

எனக்கும் அப்போது பதினாறு.
என் அப்பாவின் பாலிசியில் என் பெயர் ஏறி
ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை.
பக்கத்து சீட்டில் ஆர்லன்
குனிந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான்.
ஒரு ஸ்டேஷனும் சரியாகக் கிடைக்கவில்லை.
இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.
இதையும் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு ஆறு வருடம்
மாதாமாதம் அந்த உறை வரும்.
அப்பா பிரிப்பார், பார்ப்பார்,
சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்து வைப்பார்.
தொகை எவ்வளவு என்று
அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.
கட்டினார்.

அடுத்த ஞாயிறு.
ஜோலீன் எண்பத்தொன்பது.
நான் வழக்கம்போல.
சிக்னி தொண்ணூற்றொன்று.

வரைபடத்தை இந்த முறை நான்தான் அகட்டினேன்,
தடித்த விரல், நாலைந்து தடவை தவறி.
ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.
வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால்.
அவள் பள்ளிக்கும் அந்தச் சாலைக்கும்
ஒரு சம்பந்தமும் இல்லை.

வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
ஒன்றின் நாடா முடிச்சு விழுந்து வர மறுத்தது.
"மானா?" என்றேன்.
நிமிராமலே சொன்னாள்:
"மான்."

அந்த மாதம் தள்ளுபடியில்
நாலு டாலர் போயிற்று.
கட்டினேன்.