நடுப்பங்கு

வாலாஜாவைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் திரும்பியதும்
மாந்தோப்புக்குள் சிவப்பாக ஒரு வீடு.
அவுரி விற்ற காசில் எவரோ
கோடைக்கு மட்டும் என்று கட்டியது.
நான் ராணிப்பேட்டை கோர்ட் அனுப்பிய கமிஷனர்.
கையில் வாரண்ட், நோட்டு, குடை.
டேப்பின் மறுமுனையில் கொத்தனார் கன்னியப்பன்.

வாதி மார்க்கபந்து.
பிரதிவாதிகள் தம்பி ஏகாம்பரம், அக்கா மரகதம்.
மூவருக்கும் சம பங்கு என்பதில் தகராறு இல்லை.
முகப்பில் ஏழு வளைவுகள் இருப்பதுதான் தகராறு.

சுவர், பதினெட்டு அங்குலம் என்று எழுதினேன்.
"ரெண்டு கல் கனம்னு போடுங்கம்மா."
காரை உதிர்ந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினார்:
ஒரு கல் நெடுக்கே, அடுத்தது குறுக்கே.
குறுக்குக்கல் வெளியில் நாலங்குல முகம்தான் காட்டும்,
மிச்சமெல்லாம் சுவருக்குள்.
மார்க்கபந்துவும் அப்படித்தான் பேசினார்.

மேலே, தேக்கு உத்தரங்களுக்கு நடுவில்
சாய்த்து நிறுத்திய சின்னக் கற்கள், வரிசை வரிசையாக.
நூற்றிப்பத்து வரை எண்ணினேன்.
ஒரு வௌவால் கணக்கைக் கலைத்துவிட்டுப் போனது.

பிறகு வளைவுகள்.
ஏழு வகுத்தல் மூன்று:
முதல் கோடு மூன்றாம் வளைவுக்குள் விழுகிறது
அடுத்தது ஐந்தாவதற்குள்.
நடுத்தூண்கள் ரெண்டு கல் அகலம்.
ஓரத்து இரண்டு மட்டும் நாலு கல்.
ஏன் என்றேன்.
"வளைவு சும்மா நிக்காதும்மா, பக்கவாட்டுல தள்ளும்.
பக்கத்து வளைவு திருப்பித் தள்ளும்.
திருப்பித் தள்ள ஆளில்லாத இடத்துல
இந்தத் தடியன் நிக்கிறான்."

தடியன்கள் இரண்டையும்
தம்பிமார் மனதுக்குள் எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
மரகதத்துக்கு நடுப்பங்கு, ஓரமே இல்லாதது.
காலையிலிருந்து வாய் திறக்காதவர்
நாலாம் வளைவின் கீழ் வந்து நின்று கேட்டார்:
"நான் விலகிட்டா?"
கன்னியப்பன் டேப்பைச் சுருட்டினார். அழுக்குத் துணியால்
அதைத் துடைத்தார். அவ்வளவுதான்.

பத்தி பதினான்கு.
அளவும் எல்லையும் குறித்துப் பிரிக்க இயலாத சொத்து
என்று நான் எழுதுவதை
தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார் மார்க்கபந்து.
"அந்த நடு வளைவை மட்டும் இடிக்க என்ன செலவாகும்?"

கன்னியப்பன் அண்ணாந்து
வளைவின் உச்சிக் கல்லைப் பார்த்தார்.
"ஒரு நாள் கூலிகூட ஆகாதுங்க.
அந்த ஒத்தைக் கல்லை உருவினாப் போதும்,
மிச்சத்தை வீடே பார்த்துக்கும்."

மரகதம் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார்.