நான்கு, மூன்று, ஆறு

ரூசே. டான்யூபின் மேல் பனிக்கட்டிகள் மிதந்துபோகும் மாதம்.
த்ராகோமிர் கார்சேவ், எண்பத்தொன்று,
கப்பல்களுக்கு ஆற்றில் வழிகாட்டியவர், ஓய்வு.
"மறுபடியும் தொலைத்துவிட்டார்" என்கிறான் மகன்.
பதினெட்டு மாதத்தில் மூன்றாவது பல்செட்.

எங்கே வலிக்கிறது?
ஒன்றும் வலிக்கவில்லை, என்கிறான் மகன்.
என்ன சாப்பிடுகிறார்?
எல்லாம், என்கிறான் மகன்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இந்த வாயில் கீழே இன்னும் ஆறு பல் இருக்கிறது.
சொல் ஒன்றுகூட இல்லை.

மேலுதட்டைத் தூக்கினேன்.
உதட்டை ஈறோடு கட்டும் சிறு நாண் கிழிந்து, பாதி ஆறியிருக்கிறது.
கரண்டியைத் திணித்தால் இப்படிக் கிழியும்.
விழுந்தாலும் கிழியும்.
தாடைக்குக் கீழே ஒரு பக்கம் கட்டைவிரல் அகலத்தில் மஞ்சள்,
மறுபக்கம் மூன்று, சின்னதாய், வரிசையாய்.
விழுகிறவர்களைத் தரை இப்படிப் பிடிப்பதில்லை.

கோபம் வந்தால் கை நடுங்கும். நடுங்கக்கூடாது.
"எக்ஸ்ரே எடுக்கவேண்டும். கதிர்வீச்சு. நீங்கள் வெளியே இருங்கள்."
பொய்யில்லை. எடுக்கத்தான் போகிறேன்,
கொஞ்சம் மெதுவாக.

ஈயக் கவசத்தை மார்பில் போட்டதும்
கண்ணை மூடிக்கொண்டார்,
யாரோ போர்வை போர்த்திவிட்டதுபோல்.
ஈறின் ஆழத்தை அளந்து சொல்லச் சொல்ல
ரொஸித்சா எழுதிக்கொண்டே வந்தாள்:
நான்கு, மூன்று, ஆறு.
"ஆறா?" என்றார் திடீரென்று. "அடி தட்டாது. போகலாம்."

ஈறுக்கு ஆறு ஆபத்து.
ஆற்றுக்கு அது வழி.
அந்தக் குரல் மூடுவதற்குள் கேட்டுவிட்டேன்:
வீட்டில் யாரிடமாவது பயமா?

நெடுநேரம்.
பக்கத்து அறையில் கம்ப்ரஸர் ஓடி நின்றது.
"தொலையவில்லை," என்றார்.
"சமையலறை டிராயரில் இருக்கிறது. சாவி அவனிடம்.
பென்ஷன் தாளில் கையெழுத்துப் போட்டால்
அன்றைக்குப் பல் தருவான்."
பிறகு, "எழுதாதீர்கள். அவனுக்கு முதல் பல் ஆடியபோது
நான்தான் நூல் கட்டி..."
முடிக்கவில்லை.

எழுதினேன்.
அவர் சொன்ன சொல்லிலேயே, மேற்கோள் குறிக்குள்.
காயத்தின் அளவு, நிறம், இடம். மணி பத்து நாற்பது.
என் கருத்து ஒரு வரிகூட இல்லை.
சமூகநல அலுவலகத்துக்குச் சொல்லப்போகிறேன் என்பதை
முதலில் அவரிடம்தான் சொன்னேன்.
வேண்டாம் என்று தலையாட்டினார்.
பிறகு ஆட்டுவதை நிறுத்தினார்.
அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்ததை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

மகனிடம் சொன்னேன்:
வியாழன் அச்செடுக்க வரவேண்டும், பிறகு திங்கள், பிறகு மறு வியாழன்.
"இத்தனை தடவையா?"
ஆமாம். ஈறு சுருங்கியிருக்கிறது.

வாசலில் அவன் அப்பாவுக்குக் கோட்டுப் பொத்தான் போட்டுவிட்டான்,
குளிர் புகாதபடி, ஒவ்வொன்றாக,
கழுத்துப் பொத்தான் வரை.
அதையும் எழுதினேன்.
பிறகு தொலைபேசியை எடுத்தேன்.