காரணம் என்கிற கட்டம்

ஒடுகத்தூர் வனச்சரக அலுவலகம், இரவு இரண்டரை.
ஒரே பெஞ்சு. நாலு பேர்.
கடைசி ஆளுக்கு அரை இடம்தான் கிடைத்தது.
அது நான்.

மேசைமேல் எங்கள் சாமான்கள்
எங்களைவிட வசதியாக இருந்தன:
தூண்டில் கம்பு,
சுருக்குக் கம்பி ஒரு சுருள்,
பூனைபோல் மயிர் போர்த்திய மைக்,
கந்தல் சுற்றிய என் கூண்டு.

வனக்காப்பாளர் பச்சையப்பன்
எழுதாத பேனாவை உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றினார்.
"பேரு, ஊரு, தொழிலு.
ராத்திரியில காட்டுக்கு இன்னாத்துக்குப் போன?
பொய் சொல்றதா இருந்தா சின்னதா சொல்லு.
கட்டம் சின்னது."

"முனீருத்தீன். பேரணாம்பட்டு.
தோல் ஷாப்புல கணக்கு."
உத்திரகாவேரித் தடுப்பணையில் விரால் கிடக்கிறதாம்.
மூன்று வருஷமாக ஒன்றுகூடக் கடிக்கவில்லையாம்.
"அப்புறம் எதுக்குப் போற?"
"மீன் கடிக்காதப்பதான் சார் தண்ணிய பாக்க முடியும்."
பச்சையப்பன் 'மீன்' என்று மட்டும் எழுதினார்.

"ஹெப்சிபா. வேலூர். நர்ஸ்."
வாரம் முழுக்க மெஷின் கூவக் கேட்கிற காது
லீவு நாளில் பக்கிக்குருவியைக் கேட்டதாம்.
அனுமதி மேல்அரசம்பட்டு வரைக்கும்தான்.
குருவி அதைத் தாண்டி உட்கார்ந்துவிட்டது.

"தீர்த்தகிரி. பீஞ்சமந்தை."
சாமைக் கொல்லையைப் பன்றி உழுத கதையை
அவர் முழங்கால் சேறு சொன்னது.
வாய் வேறொன்று சொன்னது:
"நான் காட்டுக்குப் போவல சார்.
வூட்டுக்குப் போனேன்.
காடு நடுவுல கீது."

என் முறை.
சம்பங்கி, அணைக்கட்டு, வெல்டிங் பட்டறை.
கவுதாரி பிடிக்க, என்று முடிப்பதற்குள்
நர்ஸம்மா திரும்பிய பார்வையில் ஊசி இருந்தது.
பழக்கின சேவலைக் கூண்டோடு வைத்தால் கூவும்,
சண்டைக்கு வருவது கண்ணியில் விழும், அவ்வளவுதான்.
"எத்தனை புடிச்சிருப்பீங்க?"
கணக்கு வைத்ததில்லை என்றேன்.
"நான் வெச்சிருக்கேன். அஞ்சு வருஷமா.
கொறஞ்சிட்டே வருது."
பெஞ்சில் என் அரை இடம் கால் இடமானது.

ரீஃபில் தேடி பச்சையப்பன் உள்ளே போனார்.
முனீருத்தீன் டப்பா திறந்து
பொட்டுக்கடலையை நாலாகப் பங்கிட்டார்,
கணக்குப்பிள்ளை, ஒன்றுகூட மிஞ்சவில்லை.
மென்றபடியே சொன்னார்,
ஓடை திரும்புமிடத்தில் ஒரு பாறை,
மழைக்கு முன்னாடியே ஈரமாகிவிடும் என்று.
"புங்கமரம் சாஞ்ச எடமா?" என்றார் தீர்த்தகிரி.
"மேல ஒரு குழி, தலைகாணி மாதிரி?" என்றாள் ஹெப்சிபா.
குழிக்குள் என் தலை எத்தனை ராத்திரி கிடந்தது
என்று சொல்லிவிட்டேன், யோசிக்காமல்.
"அந்த பீடித்துண்டெல்லாம் நீங்கதானா!"
அவள் பொறுக்கிப் பையில் போட்டு
வேலூர் வரைக்கும் கொண்டுபோவாளாம்.
தீர்த்தகிரி சிரித்தார்.
அவருக்கு ஒரு பல் இல்லை, அப்போதுதான் பார்த்தேன்.
வெவ்வேறு கிழமைகளில்
ஒரே கல்லின் சூட்டைப் பங்குபோட்டிருக்கிறோம்.
அதற்காக அவள் என்னை மன்னிக்கவில்லை.
கடலையை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

விடியுமுன் கூண்டு கூவியது.
கந்தலுக்குள்ளிருந்து, தொண்டை கிழிய.
அலுவலகத்துக்குப் பின்னால்,
பறிமுதல் லாரிகள் துருப்பிடிக்கும் பக்கம்
எதிர்க்குரல்.
அவள் கை மைக்குக்குப் போனது.
என் கை இல்லாத கண்ணிக்குப் போனது.
ஐந்து தலைகள் ஒரே பக்கம் சாய்ந்தன.
"ரெண்டு," என்றார் முனீருத்தீன்.
"மூணு," என்றார் பச்சையப்பன்,
கதவருகே, ரீஃபிலை மறந்து.

பிறகு அபராதம். ரசீது. கையெழுத்து.
கூண்டை அமிர்திக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள்.
அதன் கந்தலை நீக்கி, குனிந்து,
ஹெப்சிபா கேட்டாள்:
"இதுக்குப் பேர் வெச்சிருக்கீங்களா?"
இல்லை என்றேன்.

சின்னப் பொய்தான்.
கட்டத்துக்குள் அடங்கியது.