ஏழாம் கதை பற்றி வந்த கடிதங்கள்

முந்நூறு பிரதி போட்டோம்.
அட்டையில் கறுப்பு கொஞ்சம் கூடிப்போய்
வாங்கியவர் விரலெல்லாம் ஒட்டியது.
பேட்டையில், லேத் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை;
கீழே இரும்பு கதற, மேலே கோமதிநாயகம்
கட்டுகளைச் சாக்கில் வைத்துத் தைத்தான்.
ஒன்பது கதை. ஒன்பதிலும் பேய்.

முதல் கருத்து அஞ்சலட்டையில், சேரன்மகாதேவியிலிருந்து:
"நாலாம் கதையில் கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு என்கிறீர்கள்.
ஒன்பது இருபதோடு சரி.
பேய் வரட்டும், ஆட்சேபணை இல்லை.
பஸ் வராது."
கையெழுத்துக்குக் கீழே: ஓய்வுபெற்ற நடத்துநர்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி அன்னபுஷ்பம் போனில்:
"பிணவறைக் கதவு கிரீச்சிடாது மேடம்,
மாசாமாசம் எண்ணெய் விடுவோம்.
சத்தமே இல்லாம திறக்குததுதான்..."
நிறுத்திவிட்டாள்.
டியூட்டி மாறும் நேரம் என்றாள்.

மேலப்பாளையத்தில் ஒருத்தி வாசிக்க
ஆறு பேர் பீடி சுற்றினார்களாம்.
இலை வெட்டு கோணிப்போய்
அன்றைக்குக் கூலியில் பிடித்தம்.
ஆனால் ஆறாம் கதையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்று
பாத்துமுத்து சொல்லியனுப்பினாள்.
எழுதும்போது நான்
எழுந்துபோய் விளக்குப் போட்ட இடம் அது.

பிரதியைத் திருப்பி அனுப்பினார் ஒருவர்.
நூற்று நாற்பது ரூபாய் வேண்டாமாம்.
நாற்பதாம் பக்கத்தில்
மடித்த தாளில் திருநீறு.

சீவலப்பேரி பூலுடையார் நேரிலேயே வந்தார்,
லைன்மேன், இடுப்பில் கட்டிங் பிளேயரோடு.
"ஒங்க பேயி ஒண்ணுமே கேக்கலியே தாயி.
எங்க மாடன் கெடா கேப்பான், சுருட்டு கேப்பான்,
குடுத்தா அவன் பாட்டுக்கு ஊரைக் காப்பான்.
கேக்காம சன்னல்ல நிக்குதத
நான் என்னன்னு சொல்லி அனுப்ப?"
குறையாகத்தான் சொன்னார்.
இரண்டு நாள் அதைப் பாராட்டு என்று
வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது,
ஒரு பாரம் அச்சேறாமலே கட்டில் சேர்ந்திருக்கிறது.
தொண்ணூற்றேழு முதல் நூற்றுப்பன்னிரண்டு வரை
பக்க எண்கூட இல்லாத வெள்ளை.
ஏழாம் கதை முழுக்க அதற்குள் போயிற்று.
எத்தனை பிரதியில்?
"பத்து இருக்கும். இருவதும் இருக்கும்" என்றான்
கோமதிநாயகம், ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

ஒருவரும் புகார் சொல்லவில்லை.

டோனாவூர் ஞானதிரவியம் எழுதியிருந்தார்:
"ஏழாம் கதைதான் உச்சம். அந்தக் கிணறு!"
என் ஏழாம் கதையில் கிணறு இல்லை.
ஜங்ஷன் லாட்ஜில் அறையைக் காலி செய்தும்
சாவியைத் தராத ஒருவன், அவ்வளவுதான்.

களக்காட்டு டீச்சர்:
"ஏழில் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்திருக்க வேண்டாம்."

"வாசிக்காமலே எழுதுதானுவ" என்றான் கோமதிநாயகம்.
"எல்லாப் புஸ்தகத்துக்கும் அப்படித்தான்."
நம்பினேன்.
நம்புவதற்கு அவன் குரல் வசதியாக இருந்தது.

திசையன்விளையிலிருந்து நீல உறையில் மூன்றாவது வந்தது.
சாய்வில்லாத, பழக்கமில்லாத கையெழுத்து:
"கிணற்றடியில் திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்கு
ஏன் பேர் வைக்கவில்லை?
வைக்கச் சொல்லிக் கேட்கிறது."

இரண்டாம் பதிப்பு வேலை நடக்கிறது.
பஸ்ஸை ஒன்பது இருபது ஆக்கிவிட்டேன்.
கதவுக்கு எண்ணெய் விட்டாயிற்று.
ஏழாம் கதையை எப்படிப் போட என்று
அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

பகலில் எனக்கு வண்ணார்பேட்டையில் பார்சல் ஆபீஸ்.
நேற்று வாழைத்தார் லோடுக்கு ரசீது போடும்போது
பெறுநர் என்ற இடத்தில்
யாருடையதும் அல்லாத ஒரு பேரை எழுதி
உடனே அடித்தேன்,
தாள் கிழியும்படி.

அடியிலிருந்த மஞ்சள் நகலில்
கார்பன் புரண்டிருந்திருக்கிறது.
அடித்த கோடு விழவில்லை.
பேர் மட்டும்
தெளிவாக விழுந்திருக்கிறது.