பாதி கேட்ட வழக்கு

தம்புச் செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி எங்கள் ஆபீஸ்.
வக்கீலுக்குக் கட்டு சுமக்கிற குமாஸ்தா நான்.
தேசம்மாளின் கட்டு
மேல்தட்டில் இடமிருந்து மூன்றாவது.
சிவப்பு நாடா வெளுத்து வெளுத்து
சங்கரா மீன் செதிளின் நிறத்துக்கு வந்துவிட்டது.

துறைமுகத்தில் கிரேன் கொக்கி அறுந்து
அவள் புருஷன் கன்னியப்பன் செத்தான்.
நஷ்டஈடு கொடு என்றது கீழ்க் கோர்ட்.
மாட்டேன் என்று கம்பெனி மேலே போனது.
மேலே என்றால் அதே வளாகம்,
இரண்டு படிக்கட்டு.
ஏற ஒன்பது வருஷம்.

ஒருவழியாய் ஒரு நீதிபதி கேட்டார்,
இரண்டு மத்தியானம்,
கொக்கி வரைக்கும்.
மூன்றாம் நாள் அவருக்கு வயது முடிந்துவிட்டது,
மாலை போட்டார்கள்.
பாதி வழக்கைக் காதில் வைத்தபடியே
வீட்டுக்குப் போய்விட்டார்.
மீதி என் தோளில்.

அந்த நாற்காலிக்கு ஒரு பெயர் டெல்லிக்குப் போனது.
திரும்பி வந்தது.
மறுபடி போனது.
தேர்தல் தேதி அறிவித்த அன்று
எங்கே இருந்ததென்று யாருக்கும் தெரியவில்லை.

மிண்ட் மணிக்கூண்டருகே ஒரு மேடை:
கல்லூரி நாளில் எங்கள் கொடியை எரித்தவர்,
தேர்தலுக்கு முன் இந்த அவசரம் எதற்கு?
பழைய வண்ணாரப்பேட்டையில் இன்னொரு மேடை:
எரிக்கவில்லை, பக்கத்தில்தான் நின்றார்,
எங்கள் சாதி என்பதால்
தேர்தல் முடியட்டும் என்கிறார்கள்.
இரண்டு மேடைக்கும் மைக் செட்
மூலக்கொத்தளம் அருமைராஜ்.
வாடகை பாக்கி இருவரிடமும்.

எங்கள் தெரு ரேஷன் கடைச் சுவரை
போன தையிலேயே சுண்ணாம்படித்துப் பிடித்துவிட்டார்கள்.
சுவர் காலியாய் இருக்கக் கூடாது,
ஒரு நாள்கூட.

செவ்வாய்க்கிழமை தோறும் வருவாள்,
காசிமேட்டில் ஏலம் முடிந்து,
பாதிக் கூடை விற்று.
"இன்னா தணிகா, ஆள் வந்தாச்சா?"
"இல்லக்கா. கட்சிக்காரங்க சண்டை."
"கொடிய எரிச்சாரோ, கும்புட்டாரோ,
எனக்கின்னா?
மிச்சத்தக் கேக்க ஒரு காது வேணும்பா."

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.
"ஏப்ரல் பதினஞ்சுக்குக் கடலைச் சாத்துறான்.
அறுபத்தோரு நாளு.
வலைய வச்சிக்கினு எண்ணினே இருப்போம்.
தொறக்குற தேதி சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்.
இதுக்கு?"

காலண்டரைப் பார்த்தேன்.
ஏப்ரலில் ஓட்டு.
மே முழுக்கக் கோடை விடுமுறை.
பிறகு புது ஆட்சி,
புதுசாய் ஒரு பெயர்,
அதற்குப் புதுசாய் ஒரு கொடி.
யாரோ வந்து உட்கார்ந்தாலும்
கொக்கி வரைக்கும் கேட்டது செல்லாது,
முதலிலிருந்துதான்.
கன்னியப்பன் மறுபடி
காலை ஷிஃப்டுக்குக் கிளம்பவேண்டும்.

இதைச் சொல்லவில்லை.
அவள் வேறொன்று கேட்டாள்:
"அந்த நாற்காலியைத் தொடைக்கிறாங்களா?"
"தினமும்க்கா. டவாலி நல்லமுத்து துடைக்கிறார், நானே பார்த்தேன்."
"அப்போ வருவாங்க."
"ஜூன்ல" என்றேன்.

இருபத்திரண்டு வருஷமாய்
வாய்தா வாங்கி வருகிறவன்.
கொடுத்தது அன்றைக்குத்தான்.

கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.
மேசையில் விரித்திருந்த வழக்குப் பட்டியலில்
ஐஸ் தண்ணீர் வட்டமாய் நின்றது.
ஹால் எண் கரைந்தது,
எங்கள் வக்கீல் பெயரும்.
'அமர்வு இல்லை' மட்டும்
ஊறித் தடித்துக்கொண்டிருந்தது.
கீழே ஆட்டோவில் அருமைராஜ்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
மைக்கைத் தட்டிப் பார்க்கிறான்.
எந்தக் கட்சிக்கென்று
இன்னும் தெரியவில்லை.