கால் திருப்பு

முதல் இரவே பள்ளம் பறித்துவிட்டது.
ஈசூன், பன்னிரண்டாம் மாடி,
இரண்டடித் தொட்டி,
பதினொரு முறை அலசிய மணல்.
இன்னொரு முறை அலசியிருக்கலாம்.

காலையில் பார்க்கிறேன்,
பில்டர் தண்ணீர் விழும் மூலையில்
கண்ணாடித் தரை வழுக்கையாய்ப் பளபளக்கிறது.
எதிர் மூலையில் ஒரு மணல்மேடு.
அதில் கழுத்துவரை புதைந்து
நான்கு வெள்ளிச் செடி.
மோட்டார் நறநறவென்று பல்லைக் கடிக்கிறது.
திறந்து, சுழலியைக் கழற்றி,
நஸீராவின் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்.
‘அது பழசில்ல’ என்றாள்.

துவாஸில் எனக்குச் சோறு போடுவதே இந்த வேலைதான்.
கடலைத் தூர்க்கும் இடத்தில்
படகிலிருந்து கருவியை இறக்கி
நீரோட்டத்தை அளக்கிறேன்.
கலங்கல், திரையைத் தாண்டினால்
வாக்கி டாக்கியில் கத்துகிறேன்.
கப்பல் கப்பலாய் இறங்கும் மணலுக்குக்
கணக்கு எழுதுகிற கை இது.
இதற்கு எட்டுக் கிலோ அடங்கவில்லை.

மீன்கடை கோ சிரித்தார்.
‘தண்ணிய நேரா மண்ணுல விடாத லா.
சுவத்துல மோத விடு.
கோபம் தணிஞ்சு தானா இறங்கும்.’
திருப்பினேன்.
கோபம் தணியவில்லை,
பள்ளம்தான் ஓரடி தள்ளிப் போனது.

உறிஞ்சு குழாயை மூன்று விரல் உயர்த்தினேன்.
வாய்க்குப் பஞ்சு கட்டினேன்,
சாப்பாட்டுப் பொட்டலத்து ரப்பர் பேண்டால்.
பிளாஸ்டிக் குழாய் ஒன்றில்
வரிசையாய்ப் பதினான்கு துளை போட்டேன்.
பதின்மூன்று ஒழுங்கு.
ஒன்று மட்டும் கோணல்,
சுவிட்சுப் பலகைமீது பீய்ச்சியது.
அதற்குப் பல்குத்தும் குச்சியால் அடைப்பு.

வால்வைப் பாதி மூடிப் பார்த்தேன்.
மணல் அசையவில்லை, நிம்மதி.
மூன்றாம் நாள் நீர்மேல் ஆடை படிந்தது,
ஆறிய பால்போல.
கோரி மீன்கள் ஆறும்
மாறி மாறி மேலே வந்து
காற்றைக் கடித்துக்கொண்டு போயின.
எப்போதும் செய்வதுதான்,
ஆனால் இத்தனை முறை இல்லை.
திறந்தேன்.

குழாயை நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்தேன்.
ஆடை உடைந்தது.
அன்று மதியம் நஸீராவின் தூக்கமும்.
இரவுப் பணி முடித்துப் படுத்தவள்
மழை என்று பதறி எழுந்து
மூங்கில் கழிகளை உள்ளே இழுத்து
ஈரத்துணியை நாற்காலி நாற்காலியாய்ப் பரப்பிவிட்டு
அப்புறம்தான் வெயிலைப் பார்த்திருக்கிறாள்.
தொட்டியோடு அவள் இரண்டு நாள் பேசவில்லை.
என்னோடு ஒரு நாள்.

கடைசியில் அமைந்தது.
குழாய் நீருக்குள் அரை விரல் ஆழம்,
துளைகள் கண்ணாடியைப் பார்த்து,
வால்வு முக்கால்.
மணலைத் தட்டிச் சமன் செய்தேன்.
விளக்கணைத்தால் கடல் செத்துப்போன அமைதி.

அன்றிரவுதான் கவனித்தேன்.
ஒரு மீசை குட்டையான சின்னக் கோரி
பழைய மூலைக்குப் போய்
சமனான மணலை முகர்ந்து
திரும்பி வந்து
மறுபடி போய் முகர்ந்தது.
பள்ளம் இருந்த இடம்.
இத்தனை நாளும்
நான் குற்றமாய்ப் பார்த்த அந்தக் குழியில்
இது வயிறு பதித்துப் படுத்திருக்கிறது.
அளந்தவன் நான்,
குடியிருந்தது அது.

மணி இரண்டே கால்.
அந்த மூலைத் துளை ஒன்றைக் கீழ்நோக்கி நெம்பினேன்.
வால்வை ஒரு கால் திருப்பு.
இரண்டு மணல் புரண்டது,
பிறகு பத்து,
பிறகு நான் தூங்கிவிட்டேன்.

எட்டு மணிக்கு நஸீரா வந்தாள்.
காலணியைக் கழற்றாமல் குனிந்து
‘மறுபடி குழி விழுந்திருக்கே.’
‘ம்.’
ஒரு சாஸர் அளவு இருக்கும்.
அவள் விரலால் எண்ணினாள், ஆறு.
இரண்டு உள்ளே.

எனக்கு நேரமாகிவிட்டது.
துவாஸ் கருவிக்குள்ளும் மணல் புகுந்திருக்கிறதாம்.
பல்துலக்கி வேண்டும்.
இந்த முறை கேட்டுவிட்டு.